குறைந்த வளமா, குறைத்த வளமா?

மருத்துவ ஆய்விதழ்களிலும் கருத்தரங்கச் சுருக்கங்களிலும் ஒரு தொடர் ஓயாமல் புழங்குகிறது: 'வளம் குறைந்த மருத்துவமனைகள்'. தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டர் பொருத்தப்பட்ட நோயாளிகளுள் எத்தனை பேர் உயிருடன் வீடு திரும்புகிறார்கள் என்ற வினா எழும்போதெல்லாம், விடைக்கு முன்னரே இத்தொடர் வந்து நின்றுகொள்கிறது. வளம் குறைந்த இடம். ஆகவே இறப்பு மிகுதி. கேட்டவரும் தலையசைத்து அடுத்த கட்டுரைக்குப் போய்விடுகிறார்.

தமிழ் இலக்கணத்தில் ஓரளவு பயிற்சி உள்ளவர் இங்கே சற்று நின்றாக வேண்டும். 'குறைந்த' என்பது தன்வினை. ஏரியில் நீர் குறைந்தது, உடலில் சூடு குறைந்தது என்பதுபோல, செய்தவர் ஒருவரைச் சுட்டத் தேவையில்லாத வினை. 'குறைத்த' என்பது பிறவினை. அதைச் சொன்ன மறுகணமே எழுவாயின் இடத்தில் 'யார்?' என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டுக்கும் இடையே ஓர் ஒற்றெழுத்துதான் வேறுபாடு. ஒரு சுகாதாரத் துறையின் பொறுப்பு முழுவதும் அந்த ஒற்றெழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. மூலமான ஆங்கிலத் தொடரில் 'வரம்பிடப்பட்ட' என்னும் செயப்பாட்டுச் சாயலாவது எஞ்சியிருக்கிறது. விரும்பினால் வரம்பிட்டவர் யார் என்று கேட்கலாம். தமிழாக்கத்தில் அந்தச் சாயலும் போயிற்று. வறுமை வானிலைபோல வந்து இறங்கியதாகத் தோன்றுகிறது.

இந்தச் சொல்லாட்சியின் விளைவைக் காண ஐதராபாத்தின் அமீர்பேட்டைவிடப் பொருத்தமான இடம் அரிது. அந்நகரில் படிக்கும் தமிழ் மாணவர்க்கு அமீர்பேட் என்றால் மென்பொருள் பயிற்சி மையங்களும், விளம்பரத் தட்டிகள் தொங்கும் மாடிப்படிகளும், மெட்ரோவில் தடம் மாறும் நிலையமும் நினைவுக்கு வரும். ஆனால் அந்த நிலையத்தின் இருபுறமும் மருத்துவமனைகள். தெற்கே அடுத்த நிலையமான பஞ்சாகுட்டாவை ஒட்டி நிம்ஸ் என்னும் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனம். வடக்கே இரண்டாம் நிலையத்துக்குப் பெயரே இ.எஸ்.ஐ. மருத்துவமனை. மூன்றாவது எர்ரகட்டா, அங்கே அரசு மார்பு நோய் மருத்துவமனை. இடையிடையே தனியார் மருத்துவமனைகள். மாவட்டங்களிலிருந்து நோயாளியை ஏற்றிக்கொண்டு வரும் ஆம்புலன்ஸ் ஒரு வாசலில் மறுக்கப்பட்டு அடுத்த வாசலுக்குப் போவது இந்தச் சில கிலோமீட்டருக்குள்தான்.

2020 ஜூன் இறுதியில் எர்ரகட்டா மருத்துவமனையில் இருந்த, முப்பதுகளின் நடுவயதினர் ஒருவர், தம் தந்தைக்குக் கைபேசியில் ஒரு காணொளி அனுப்பினார். மூச்சு விட முடியவில்லை, வென்டிலேட்டரை எடுத்துவிட்டார்கள், கெஞ்சிக் கேட்டும் ஆக்சிஜன் தரவில்லை என்று அதில் சொன்னார். பின்னர் இறந்துபோனார். அங்கே சேர்ப்பதற்கு முன் பல தனியார் மருத்துவமனைகள் மகனைச் சேர்க்க மறுத்தன என்றார் தந்தை. மருத்துவமனை நிர்வாகம் குற்றச்சாட்டை மறுத்தது. ஆக்சிஜன் தரப்பட்டது, இதயம் பாதிக்கப்பட்டதால் மரணம் நேர்ந்தது என்று விளக்கமளித்தது. எந்தக் கூற்று உண்மை என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல இயலாது. சொல்ல இயலாமல் இருப்பதுதான் இங்கே சிக்கல். அன்றிரவு அந்த வார்டில் எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை செவிலியர் இருந்தார்கள், அவருடைய ஆக்சிஜன் அளவை யார் எப்போது குறித்தார்கள் என்ற விவரங்கள் பொதுவெளிக்கு வரவில்லை. வந்தவை எல்லாம் வேறு எண்கள்: மாநிலத்தில் எத்தனை வென்டிலேட்டர் உண்டு, இன்னும் எத்தனை வரப்போகின்றன.

எந்திரத்தை எண்ணுவது எளிது. பிரதமரின் பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 2,000 கோடி ரூபாயில் 50,000 வென்டிலேட்டர்கள் வாங்கப்படும் என்று 2020 மே 13 அன்று அறிவிக்கப்பட்டது. அவை மருத்துவமனைகளை அடைந்த பின் என்ன ஆயின? மகாராஷ்டிரத்தின் ஔரங்காபாத் அரசு மருத்துவக் கல்லூரிக்கு 150 வந்தன. பயன்பாட்டுக்கு எடுத்த 113 கருவிகளும் பழுதுற்றவை, எஞ்சிய 37 பெட்டியே பிரிக்கப்படவில்லை என்ற செய்தி 2021 மே மாதம் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வின் முன் வந்தது. பஞ்சாபின் ஃபரீத்கோட் மருத்துவக் கல்லூரியிலும் அதே மாதம் 80 கருவிகளுள் 71 பழுது என்று புகார் எழுந்தது.

நடுவண் அரசு கொடுத்த மறுமொழி ஆய்வாளர்கள் வரிவரியாகப் படிக்கத் தக்கது. கருவியில் குறையில்லை என்றது. ஃபரீத்கோட்டில் மைய ஆக்சிஜன் குழாயில் போதிய அழுத்தம் இல்லை. உணர்விகளையும் வடிகட்டிகளையும் உரிய காலத்தில் மாற்றவில்லை. ஔரங்காபாத்தில் ஊழியர்களுக்குக் கருவியைக் கையாளத் தெரியவில்லை. குற்றச்சாட்டை மறுப்பதாக எண்ணி எழுதப்பட்ட இந்த வாக்கியங்கள் உண்மையில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம். குழாயில் அழுத்தம் இல்லை, உதிரிப்பொருள் இல்லை, பயிற்சி இல்லை என்று அறிந்த இடத்துக்குக் கருவியை மட்டும் அனுப்பியவர் யார்? கருவி பழுது என்று மருத்துவமனையும், மருத்துவமனை பழுது என்று அரசும் சொல்லும்போது, இரண்டும் சேர்ந்து ஒரே உண்மையைச் சொல்கின்றன. பயிற்சியைப் பொறுத்தவரை, நாற்பத்தைந்து நாளில் ஒரு கணினிமொழி கற்றுத் தருவதாக விளம்பரம் செய்யும் அமீர்பேட் மையங்கள்கூட, ஒரு பிற்பகல் செயல்விளக்கத்தில் ஒருவரை வல்லுநராக்குவோம் என்று சொல்லத் துணியமாட்டா.

இத்தனைக்கும் அடியில் ஒரு சொற்பிழை இருக்கிறது. செய்தித்தாள்கள் வென்டிலேட்டரை 'உயிர்காக்கும் கருவி' என்று எழுதுகின்றன. வென்டிலேட்டர் எந்த நோயையும் தீர்ப்பதில்லை. நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்துகிறது, அவ்வளவே. நோய் தணியும்வரை, மருந்து வேலை செய்யும்வரை, உடல் மீளும்வரை காலத்தை வாங்கித் தருகிறது. அப்படி வாங்கிய காலத்தில் நோயாளியைக் கெடாமல் வைத்திருப்பது மனிதரின் வேலை. தொண்டைக்குழாயில் சேரும் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். குழாயின் காற்றுப்பை அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். மயக்க மருந்தைத் தேவைக்கு மேல் ஓடவிடாமல் குறைக்க வேண்டும். நோயாளி தன்னறியாமல் குழாயைப் பிடுங்கிவிடாமல் காக்க வேண்டும். எச்சரிக்கை ஒலி எழும்போது அதை அணைத்துவிட்டுப் போகாமல், எதற்காக ஒலித்தது என்று பார்க்க வேண்டும். கருவி அழைக்கும், வர ஆள் வேண்டும்.

கட்டுவிரியன் தீண்டிய ஓர் இளம் விவசாயியை எண்ணிப் பார்க்கலாம். தெலங்கானாவிலும் தமிழகத்திலும் இது நாள்தோறும் காணும் நோயாளி. நஞ்சு நரம்புக்கும் தசைக்கும் இடையிலான தொடர்பைத் துண்டித்து மூச்சுத் தசையை முடக்குகிறது. நுரையீரல் பழுதில்லை, இதயமும் மூளையும் நன்றாக இருக்கின்றன. சில நாள்கள் மூச்சை ஓட்டிக் கொடுத்தால் முடக்கம் தானே விலகி, அவர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார். இவருக்கு வென்டிலேட்டர் கட்டாயம் வேண்டும். எந்திரம் வேண்டாம் என்பது இங்கே வாதமாக முடியாது. ஆனால் நான்காம் நாள் அதிகாலை மூன்று மணிக்கு அவர் தொண்டைக்குழாயைச் சளி அடைத்துக்கொண்டு, அந்த வார்டின் ஒரே செவிலியர் எட்டாவது படுக்கையில் இருந்தால், நலமான நுரையீரலோடு அவர் இறந்துபோவார். பதிவேட்டில் 'பாம்புக்கடி' என்று எழுதப்படும். கருத்தரங்கக் கட்டுரையில் 'வளம் குறைந்த சூழல்' என்று எழுதப்படும்.

தீவிர சிகிச்சை என்னும் துறையே எந்திரப் பற்றாக்குறையில் பிறந்தது என்பதை வரலாறு படிக்கும் மாணவர்க்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1952 கோடையில் கோபன்ஹேகனின் பிளெக்டாம் மருத்துவமனை இளம்பிள்ளைவாத நோயாளிகளால் நிரம்பியது. அன்றைய 'இரும்பு நுரையீரல்' ஒன்றும், மார்பில் பொருத்தும் சிறு கருவிகள் சிலவும் மட்டுமே அங்கிருந்தன. முதலில் கருவிச் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்தனர். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன், மூச்சுக்குழலில் துளையிட்டுக் குழாய் செலுத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி மூச்சூட்டலாம் என்று காட்டினார். மருத்துவ மாணவர்களும் பல்மருத்துவ மாணவர்களுமாக ஏறத்தாழ 1,500 பேர் முறைவைத்துப் படுக்கையருகே அமர்ந்து வாரக்கணக்கில் பையை அழுத்தினார்கள். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. அந்தக் கூட்டத்தில் ஒரு நோயாளிக்கு எப்போதும் ஒரு மனிதர் இருந்தார். நான்காண்டு கழித்து அதே நகரில் ஹென்னிங் ரூபனும் ஹோல்கர் ஹெஸ்ஸேயும் உருவாக்கிய அம்பு பை, இன்று இந்திய அரசு மருத்துவமனைகளில் நோயாளியின் தம்பி கையிலோ மனைவி கையிலோ கொடுக்கப்படுகிறது. கோபன்ஹேகன் மாணவருக்கு ஓர் ஒழுங்குமுறையும் மேற்பார்வையும் இருந்தன. இங்கே மனைவிக்கு இருப்பது தூக்கமின்மை மட்டும்.

பணம் இல்லை என்பதே பெருவாதம் ஆதலால், அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். வென்டிலேட்டர் நோயாளியின் உயிரைக் காப்பதாக உறுதியாக நிறுவப்பட்ட முறைகள் பெரும்பாலும் விலை குறைந்தவை. கடுமையான நுரையீரல் செயலிழப்பில் ஒவ்வொரு மூச்சுக்கும் எவ்வளவு காற்று செலுத்துவது என்பதை அமெரிக்காவின் ஏ.ஆர்.டி.எஸ். வலையமைப்பு 861 நோயாளிகளிடம் ஆராய்ந்து 2000-இல் வெளியிட்டது. கணக்கிட்ட உடலெடையில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் பெற்றவர்களில் 39.8 விழுக்காட்டினர் இறந்தனர். 6 மில்லிலிட்டர் பெற்றவர்களில் 31 விழுக்காட்டினர். புதிய கருவி இல்லை, புதிய மருந்து இல்லை. திருகிய அளவு மட்டும் வேறு. இதற்கு நோயாளியின் உயரம் தெரிய வேண்டும், ஏனெனில் கணக்கு தராசின் எடையைக் கொண்டு போடப்படுவதில்லை, உயரத்தைக் கொண்டே போடப்படுகிறது. 152 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்ணுக்குக் கிடைக்க வேண்டியது மூச்சுக்கு ஏறத்தாழ 270 மில்லிலிட்டர். பழக்கத்தால் 500 என்று வைத்துவிட்டால் அவர் கிலோவுக்கு 11 மில்லிலிட்டர் பெறுகிறார். அதாவது ஆய்வில் அதிகம் பேர் இறந்த குழுவின் பக்கத்திலேயே போய்ச் சேர்கிறார். இதைத் தவிர்க்கத் தேவைப்படுவது தையற்காரரின் அளவு நாடா ஒன்று. அதை எடுத்து அளக்க நேரமுள்ள ஒருவர்.

குப்புறப் படுக்கவைத்தலும் அப்படித்தான். 2013-இல் வெளிவந்த புரோசேவா ஆய்வில் 466 நோயாளிகள். மல்லாந்தே கிடந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தோர் 32.8 விழுக்காடு, நாள்தோறும் நீண்ட நேரம் குப்புறக் கிடத்தப்பட்டவர்களில் 16 விழுக்காடு. பாதி! இத்தனை பெரிய பலன் தரும் எந்த எந்திரமும் சந்தையில் இல்லை. ஆனால் குழாயோடும் ஊசிகளோடும் கிடக்கும் ஒருவரைப் பாதுகாப்பாகப் புரட்ட நாலைந்து பயின்ற கைகள் ஒரே நேரத்தில் கூட வேண்டும். இரவுப் பணியில் இருவர் மட்டுமே இருக்கும் வார்டில் அது நடவாது. 1999-இல் பார்சிலோனாவிலிருந்து வந்த சிற்றாய்வு ஒன்று, படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பதாலேயே வென்டிலேட்டர் நிமோனியா வெகுவாகக் குறைவதைக் காட்டியது. அதற்குச் செங்கல்கூடப் போதும்.

ஒரே கருவி ஓரிடத்தில் காத்து வேறிடத்தில் கைவிடுவதற்கும் சான்று உண்டு. டாக்காவில், ஷாம்பு பாட்டிலும் குழாயும் கொண்டு அமைத்த குமிழி சி-பாப் என்னும் எளிய மூச்சுதவி, கடும் நிமோனியா கண்ட 79 குழந்தைகளுக்குத் தரப்பட்டது, மூவர் இறந்தனர். வழக்கமான குறைவேக ஆக்சிஜன் பெற்ற 67 குழந்தைகளில் பத்துப் பேர் இறந்தனர். 2015-இல் லான்செட்டில் வந்த இம்முடிவைக் கேட்டு உலகமே மகிழ்ந்தது. பிறகு மலாவியின் சலிமா மாவட்ட மருத்துவமனையில் 644 குழந்தைகளிடம் குமிழி சி-பாப் ஆராயப்பட்டது. 2019-இல் வெளியான முடிவு நேர் எதிர்: சி-பாப் பெற்றவர்களில் 17 விழுக்காடும் சாதாரண ஆக்சிஜன் பெற்றவர்களில் 11 விழுக்காடும் இறப்பு. இரு இடத்துக் குழந்தைகளும் ஒரே தன்மையினர் அல்லர், மலாவியில் எச்.ஐ.வி.யும் ஊட்டக்குறைவும் மிகுதி. அதைக் கழித்த பின்னும் ஒரு வேறுபாடு நிற்கிறது. டாக்காவில் மருத்துவர்கள் படுக்கையருகே இருந்தார்கள். சலிமாவில் நாள்தோறும் மருத்துவர் மேற்பார்வை இல்லாத பொது வார்டில் கருவி வைக்கப்பட்டது. இரண்டு இடங்களையும் 'வளம் குறைந்த' என்று ஒரே அடைமொழியால் குறிப்பவர், இறந்த குழந்தைகளுக்கும் பிழைத்த குழந்தைகளுக்கும் நடுவிலிருந்த ஒரே முக்கியமான செய்தியை அழித்துவிடுகிறார்.

எதிர்வாதம் ஒன்றுக்கு உரிய மதிப்பைக் கொடுத்தே ஆக வேண்டும். நோயாளிகள் காலந்தாழ்த்தி வருகிறார்கள். மூன்று மருத்துவமனை சுற்றி, இரத்தத்தில் நஞ்சேறி, சிறுநீரகம் செயலிழந்த பின் வருகிறார்கள். இவர்களைக் கொண்டு ஒரு பிரிவின் தரத்தை அளப்பது நியாயமா? நியாயமான கேள்விதான். நோயின் கடுமையைக் கணக்கில் கொள்ளாத ஒப்பீடு பயனற்றது. ஆனால் அதைக் கணக்கில் கொள்ளும் முறைகளும் இருக்கின்றன. ஆப்பிரிக்காவின் பத்து நாடுகளில் 64 மருத்துவமனைகளில் கொரோனாத் தீவிர நோயாளிகள் 3,077 பேரைத் தொடர்ந்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. முப்பது நாளுக்குள் இறந்தோர் 48.2 விழுக்காடு, உலகச் சராசரியாக அதே ஆய்வு எடுத்துக்கொண்டது 31.5. தீவிர சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்களில் இரண்டில் ஒருவருக்கே இடம் கிடைத்தது. அந்த ஆய்வாளர்கள் வறுமை என்று பொதுப்படச் சொல்லிவிட்டுப் போகவில்லை. எந்தச் சிகிச்சை எத்தனை பேருக்குக் கிடைக்காமல் போயிற்று என்று எண்ணினார்கள்.

இன்னொரு தரப்பு நேர் எதிர்த் திசையில் நிற்கிறது. வென்டிலேட்டர் என்பதே மோசடி, பிணத்துக்கு மூச்சுக் கொடுத்துப் பணம் பறிக்கும் வித்தை என்று அது நம்புகிறது. 2002-இல் வந்த 'ரமணா' படத்தின் மருத்துவமனைக் காட்சியைத் தமிழர் யாரும் மறக்கவில்லை. மறு ஆண்டே அது தெலுங்கில் 'தாகூர்' ஆகி, அமீர்பேட்டின் ஆட்டோ ஓட்டுநர்வரை சென்று சேர்ந்தது. தனியார் மருத்துவமனைகளின் கட்டணக் கொள்ளை அந்த ஐயத்துக்கு நாள்தோறும் தீனி போடுகிறது. மக்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அந்த ஐயம் உயிரையும் வாங்குகிறது. 'வென்டிலேட்டர் வைக்க வேண்டும்' என்றதும் கையெழுத்திட மறுத்து நோயாளியைத் தூக்கிச் செல்லும் குடும்பம், பிழைக்க வாய்ப்பிருந்தவரையும் தூக்கிச் செல்கிறது.

படித்தவர்களும் இதில் விலக்கில்லை. 2020 ஏப்ரலில் நியூயார்க்கின் நார்த்வெல் மருத்துவமனைகளின் தரவு வெளியானபோது, வென்டிலேட்டரில் வைத்தவர்களில் 88 விழுக்காட்டினர் இறந்தனர் என்ற செய்தி உலகைச் சுற்றியது. உண்மையில் வென்டிலேட்டர் பெற்றவர்கள் 1,151 பேர். அவர்களில் இறந்தோர் 282, வீடு திரும்பியோர் 38. மீதி 831 பேர் அப்போதும் மருத்துவமனையிலேயே இருந்தனர். முடிவு தெரிந்த 320 பேரை மட்டும் பகுதியில் வைத்ததால் 88 வந்தது. எல்லோரையும் வைத்தால் 24.5. இதழ் பின்னர்த் திருத்தம் வெளியிட்டது. வதந்தியைத் திருத்த யாரும் இல்லை.

இந்தியாவில் இதைவிட மோசமான பகுதிக் கணக்கு ஒன்று நடக்கிறது. மருத்துவமனை ஊழியர்கள் அதற்கு 'லாமா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்: மருத்துவர் அறிவுரைக்கு மாறாக வெளியேறுதல். பணம் தீர்ந்த குடும்பம் கையெழுத்திட்டு, குழாயை எடுக்கச் செய்து, ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு ஊர் போகிறது. 'வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள்' என்று ஊரில் சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது; அடுத்து என்ன வாங்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் மருத்துவமனையின் ஏட்டில் அவர் இறக்கவில்லை. வெளியேறியிருக்கிறார். சொல்லிக்கொள்ளும் பிழைப்பு விகிதத்தில் இவர் எந்தப் பக்கம் என்று கேட்காமல், எந்தத் தனியார் மருத்துவமனையின் பெருமித எண்ணையும் ஏற்பதற்கில்லை. அரசு மருத்துவமனையின் எண்ணையும் அப்படியே.

கணக்கை ஒழுங்காக வைப்பது இயலாத செயலும் அன்று. பிரித்தானியாவில் ஒவ்வொரு தீவிர சிகிச்சைப் பிரிவின் முடிவும், நோயின் கடுமையைக் கழித்துக் கணக்கிட்டு, பெயரோடு வெளியிடப்படுகிறது. அது பணக்கார நாடு என்பார்கள். சரி, இலங்கை? அங்கே அரசு மருத்துவமனைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளை இணைக்கும் பதிவேட்டை உள்ளூர் மருத்துவர்களும் செவிலியர்களும் கட்டியெழுப்பினார்கள். அந்த அனுபவத்தைக் கொண்டே 2019-இல் சென்னையைத் தளமாக வைத்து இந்தியத் தீவிர சிகிச்சைப் பதிவேடு தொடங்கப்பட்டது. நல்ல முயற்சி. ஆனால் சேர்வதும் சேராததும் மருத்துவமனையின் விருப்பம். மாநில அரசுகள் ஆரோக்கியஸ்ரீ போன்ற காப்பீட்டுத் திட்டங்களின் வழியே தனியார் மருத்துவமனைகளுக்குப் பொதுப்பணம் தருகின்றன. தரும்போது இப்பதிவேட்டில் சேர்வதை நிபந்தனையாக்க ஒரே ஓர் அரசாணை போதும்.

இப்போது பிறவினைக்கு எழுவாய் தேடலாம். வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்குச் செவிலியர் ஒருவர் என்பது இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் பரிந்துரைக்கும் அளவு. ஒரு செவிலியரின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேர்ந்தால் இறப்பு வாய்ப்பு 7 விழுக்காடு உயர்கிறது என்று, ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் அறுவைச் சிகிச்சை நோயாளிகளைக் கொண்டு லிண்டா எய்கன் குழுவினர் 2014-இல் காட்டினர். தீவிர சிகிச்சையில் இது குறைவாக இருக்கும் என்று நம்பக் காரணம் ஏதுமில்லை. ஐதராபாத்தில் கொரோனாச் சிகிச்சையின் மையமாக இருந்த காந்தி மருத்துவமனையின் ஒப்பந்தச் செவிலியரும் வெளிமுகமைச் செவிலியரும் 2020 ஜூலையில், பெருந்தொற்றின் நடுவே, ஊதியத்துக்காகவும் பணிப் பாதுகாப்புக்காகவும் வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்தது. தமிழ்நாட்டில் 7,700 ரூபாய் மாத ஊதியத்தில் அமர்த்தப்பட்ட ஒப்பந்தச் செவிலியர் 2017 நவம்பரில் சென்னையில் திரண்டதை மறந்திருக்க முடியாது. பெருந்தொற்றுக் காலத்தில் எடுத்த செவிலியர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ஆம் நாளோடு முடித்துவைக்கப்பட்டது. கருவிகளை யாரும் திருப்பி அனுப்பவில்லை. அவற்றை இயக்கப் பழகியவர்களை அனுப்பினார்கள். இங்கே வளம் குறையவில்லை. தேதியிட்ட ஆணையால் குறைத்தார்கள்.

மின்சாரமும் ஆக்சிஜனும் இதே கதைதான். 2019 மே 7 அன்று மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மழைக்காற்றில் மின்சாரம் போய், வென்டிலேட்டரில் இருந்தவர்கள் அடுத்தடுத்து இறந்தனர். மின்தடை காரணமில்லை என்றது நிர்வாகம். 2021 மே 10 அன்று திருப்பதி ருயா மருத்துவமனையில், டேங்கர் வருவது தாமதமாகி ஆக்சிஜன் அழுத்தம் இறங்கியதில் 11 பேர் இறந்ததாக அரசே ஒப்புக்கொண்டது. மாற்று மின்னாக்கியைச் சோதிப்பதும், டேங்கர் வருமுன் இருப்பைக் கவனிப்பதும் உலக வங்கிக் கடன் கேட்கும் வேலைகள் அல்ல.

எர்ரகட்டா மார்பு நோய் மருத்துவமனை வளாகத்தில் டிம்ஸ் என்னும் ஆயிரம் படுக்கை உயர்சிறப்பு மருத்துவமனைக்கு 2022 ஏப்ரல் 26 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அதே நாளில் நகரின் வேறு இரு மூலைகளிலும் அதே அளவில் இரண்டு. படுக்கை எண்ணிக்கை எல்லாத் தாளிலும் வந்தது. அமீர்பேட்டிலிருந்து மூன்று நிலையம் தள்ளி எழும் அக்கட்டடத்தின் தீவிர சிகிச்சைப் பிரிவில், இரவு எட்டு மணி முதல் காலை எட்டு மணிவரை எத்தனை நிரந்தரச் செவிலியர் பணியிடங்கள் ஒப்பளிக்கப்பட்டுள்ளன என்று தகவலுரிமைச் சட்டத்தின்கீழ்ப் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். பொது சுகாதாரத்தில் ஆய்வு செய்யும் மாணவர் எவரும் அடுத்த கருத்தரங்கச் சுருக்கத்தில் 'வளம் குறைந்த' என்று தட்டச்சு செய்யும் முன், அந்த மருத்துவமனையின் இரவுப் பணிப்பட்டியலைக் கேட்டு வாங்கி, அடைமொழியின் இடத்தில் அந்த எண்ணை எழுதலாம். நெறியாளர்கள் அதைக் கேட்டுத் திருப்பி அனுப்பத் தொடங்கினால் இன்னும் விரைவில் நடக்கும்.